மாடித்தோட்டத்துக்கு ஸ்மார்ட் வால்வு: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

செடிகளுக்குப் போகும் தண்ணீரைக் கைபேசியிலிருந்து திறந்து மூட உதவும் ஸ்மார்ட் வால்வை இணையக் கடைகளில் தேடினால் முதலில் கண்ணில் படுவது செயலியின் படம். கைபேசித் திரையில் ஒரு பச்சைப் பொத்தான், பக்கத்தில் வானிலைக் குறி, கீழே குரல் கட்டளையையும் ஏற்கும் என்ற உறுதிமொழி. அந்த வால்வு திறப்பதற்குக் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்ற தகவல் விவரப் பட்டியலின் அடியில் எங்கோ ஒளிந்திருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை நம்பியிருக்கும் நம் மாடித்தோட்டங்களுக்கு அந்த ஒரு வரியிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

இந்த வால்வுகளில் பல, குழாயைத் திறந்தால் நாள் முழுவதும் 2 முதல் 4 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் தண்ணீர் வரும் ஊர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ ஒரு தனி வீட்டில் தண்ணீர் முதலில் கீழ்த்தொட்டிக்கு வருகிறது, அல்லது போர்வெல்லில் இருந்து ஏறுகிறது. மோட்டார் அதை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. அதன் பிறகு தண்ணீர் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. கீழே குளியலறைக்கு இது போதும். தொட்டி நிற்கும் அதே மாடியில் இருக்கும் கத்தரிச் செடிக்குப் போக வேண்டும் என்றால் கணக்கே மாறிவிடுகிறது.

உயரக் கணக்கு

10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் கீழே ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். அடியில் சொன்னால் 33 அடிக்கு 1 பார். தொட்டியின் கொள்ளளவு இந்தக் கணக்கில் வராது. 500 லிட்டர் தொட்டியும் 2,000 லிட்டர் தொட்டியும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்வரை ஒரே அழுத்தத்தைத்தான் தரும். அளக்க வேண்டியது நீர்மட்டத்துக்கும் வால்வு பொருத்தப்போகும் இடத்துக்கும் இடைப்பட்ட உயரத்தை மட்டுமே. தொட்டி காலியாகிவரும் நேரத்திலும் வால்வு வேலை செய்ய வேண்டும் என்பதால் தொட்டியின் அடிமட்டத்திலிருந்து அளப்பது பத்திரம்.

நம் வீடுகளில் மூன்று அமைப்புகள் வழக்கம். மொட்டை மாடித் தளத்திலேயே ஓரடிச் செங்கல் மேடைமீது தொட்டி இருக்கலாம். தொட்டி நிரம்பியிருந்தால் 0.1 பாருக்குச் சற்று மேல், காலியாகும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அடுத்தது, மாடிப்படி அறையின் கூரைமேல் தொட்டி. மாடித் தளத்திலிருந்து எட்டடி உயரம் என்றால் குறைந்தது 0.24 பார். மூன்றாவது, இரண்டு மாடி வீட்டின் தரைத் தோட்டம். 25 அடிக்கு மேல் இறங்குவதால் 0.75 பார் கிடைக்கும்.

இப்போது வால்வுகள் கேட்பதைப் பாருங்கள். புல்வெளிப் பாசனத்தில் பெயர்பெற்ற ஹன்டர், ரெயின் பேர்ட் ஒரு அங்குல வால்வுகள் 1 பார் அல்லது அதற்கு மேல் எதிர்பார்ப்பவை. கார்டினா போன்ற ஐரோப்பியக் குழாய் டைமர்களில் பலவற்றுக்கு 0.5 பார் வேண்டும். இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் 12 வோல்ட் வால்வுக்கு 0.2 பார். அதாவது முதல் வகை வீட்டில் இவை எதுவுமே உருப்படியாக இயங்காது. இரண்டாவது வகையில் வெள்ளை வால்வு தடுமாறிக்கொண்டு திறக்கும். மூன்றாவது வகையில்தான் தேர்வு செய்யும் அளவுக்கு வாய்ப்பு இருக்கிறது.

சாலினாய்டு வால்வு

வாங்குவோர் முதலில் தேடிப்போவது இதைத்தான். மின்சாரம் கொடுத்தால் திறக்கும், நிறுத்தினால் மூடும். ஆனால் உள்ளே நடப்பது அவ்வளவு நேரடியானது அல்ல. காயில் எனும் கம்பிச் சுருளின் காந்த விசை தண்ணீரின் வழியை நேராகத் திறப்பதில்லை. ஒரு ரப்பர் சவ்வின் மேலே தேங்கியிருக்கும் தண்ணீரை ஊசித்துளை வழியாக வெளியேற்ற மட்டுமே அது உதவுகிறது. மேலே அழுத்தம் குறைந்ததும் கீழிருந்து வரும் தண்ணீர் சவ்வைத் தூக்கி வழிவிடுகிறது. கதவைத் திறப்பது தண்ணீரே. அதனிடம் பலம் இல்லாவிட்டால் காயிலில் கிளிக் என்று சத்தம் கேட்கும், தண்ணீர் வராது.

திறக்காமல் போவதைவிடத் தொல்லை தருவது மூடாமல் போவது. சவ்வு மீண்டும் இருக்கையில் அழுந்தி உட்காரவும் அழுத்த வேறுபாடு தேவை. குறைந்த அழுத்தமும் சொட்டுநீரின் மெல்லிய ஓட்டமும் சேர்ந்தால் சவ்வு பாதி உட்கார்ந்து நிற்கும். செயலி 'மூடியது' என்று காட்டிக்கொண்டே இருக்கும், செடிப் பைகளில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு துளி மணலோ உப்புப் படிவோ ஊசித்துளையை அடைத்தாலும் இதே கதி. சொட்டுநீருக்கு இவ்வகை வால்வைப் பயன்படுத்தினால் முன்னால் கட்டாயம் ஃபில்டர் போடச் சொல்வதன் காரணம் இதுவே.

இதற்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு. மின்சாரம் போனால் தானாக மூடிவிடும். அழுத்த மோட்டார் வைத்திருக்கும் வீட்டிலும், மேல்தளங்களுக்கு அழுத்தத்துடன் தண்ணீர் அனுப்பும் அடுக்ககத்திலும் 24 வோல்ட் ஏசி சாலினாய்டு வால்வுகளும் ஒரு பலவழிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் போட்டால் பல ஆண்டுகள் கவலை இல்லை. உலகெங்கும் இந்த 24 வோல்ட் வழக்கம் ஒன்றாக இருப்பதால் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்கு வேறொரு நிறுவனத்தின் வால்வு பெரும்பாலும் பொருந்தும். பத்தாண்டு கழித்துப் பெட்டி கெட்டாலும் வால்வுகளைப் பிடுங்க வேண்டாம்.

அழுத்தமே தேவைப்படாத 'ஜீரோ பிரஷர்' பித்தளை சாலினாய்டுகளும் கிடைக்கின்றன. இவற்றில் காயில்தான் தூக்க வேண்டும் என்பதால் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். திறந்திருக்கும் நேரமெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும், கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். சொட்டுநீர் அரை மணியாவது ஓட வேண்டும். மே மாத மாடியில், சுற்றிலும் 40 டிகிரி வெயிலில், ஏற்கெனவே சுடும் ஒரு காயிலை அப்படி ஓட்டுவது எனக்கு உவப்பில்லை. பாட்டரியில் ஓட்டும் எண்ணம் இருந்தால் இதை மறந்துவிடலாம்.

இன்னொன்று, வாஷிங் மெஷின் உதிரிப்பாகமாகக் கிடைக்கும் 230 வோல்ட் வால்வு. மலிவு, எந்த எலெக்ட்ரிக்கல் கடைத் தெருவிலும் கிடைக்கும், ஒரு ஸ்மார்ட் பிளக்கில் செருகினால் உடனே 'ஸ்மார்ட்' ஆகிவிடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று செடிக்கு மருந்தடிக்கும் இடத்தில் 230 வோல்ட் வயரை நீட்டாதீர்கள். இதற்கும் 0.2 பார் தேவை என்பது வேறு.

மோட்டார் பால் வால்வு

தொட்டியும் தோட்டமும் ஒரே மாடியில் இருந்தால் என் பரிந்துரை இதுதான், பெரிய தயக்கம் இல்லாமல். நாம் கையால் திருகும் பால் வால்வின் தலையில் ஒரு சிறு மோட்டாரை வைத்ததுதான் இது. துளையுள்ள உருண்டை கால் சுற்றுத் திரும்பினால் வழி திறக்கும். அழுத்தம் பூஜ்யமாக இருந்தாலும் திறக்கும், மூடும். 9 முதல் 24 வோல்ட் டிசியில் ஓடும் அரை அங்குல, முக்கால் அங்குல வகைகள் எளிதாகக் கிடைக்கின்றன. முழுதாகத் திறக்கச் சில விநாடிகள் ஆகும். அந்த விநாடிகளுக்கு மட்டுமே மின்சாரம் வேண்டும், பிறகு நின்ற நிலையில் நின்றுகொள்ளும். ஒரு 12 வோல்ட் அடாப்டர் போதும். மாடியில் மின் இணைப்பே இல்லாதவர்கள் சிறு சோலார் பலகையும் பாட்டரியும் வைத்து ஓட்டலாம்.

வாங்கும்போது துளையின் அளவைக் கேளுங்கள். வெளியே அரை அங்குல மரை இருந்தாலும் உள்ளே உருண்டையின் துளை பாதியாகச் சிறுத்திருக்கும் மலிவு வகைகள் உண்டு. 3 பார் அழுத்தத்தில் இது பெரிய குறையாகத் தெரியாது, 0.2 பாரில் தெரியும்.

ஆனால் சாலினாய்டின் நற்குணம் இதில் இல்லை. திறந்திருக்கும்போது மின்சாரம் போனால் திறந்தபடியே நின்றுவிடும். காலை 9 மணிக்குப் பராமரிப்பு மின்தடை தொடங்குகிறது, உங்கள் நீர்ப்பாய்ச்சும் நேரம் 8.50 முதல் 9.10 வரை என்றால் மின்சாரம் திரும்பும்வரை தண்ணீர் ஓடும். விடியற்காலை 5.30 மணிக்கு நேரம் வைத்தால் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தாண்டிவிடலாம், செடிக்கும் அது நல்ல நேரம். மின்சாரம் போனதும் உள்ளிருக்கும் மின்தேக்கியின் சேமிப்பைக் கொண்டு தானே மூடிக்கொள்ளும் வகையும் இருக்கிறது. இரண்டு வயர் மட்டும் கொண்டது, மின்சாரம் இருந்தால் திறப்பு, போனால் மூடல் என்று சாலினாய்டு போலவே நடந்துகொள்ளும். விலை கொஞ்சம் கூடுதல் என்றாலும் நான் இதையே வாங்கச் சொல்வேன். மின்தேக்கி வெயிலில் வேகமாக மூப்படையும் என்பதால் வால்வை நிழலில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஓடும்போதே அடாப்டரைப் பிடுங்கி, மூடுகிறதா என்று பாருங்கள்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் உருண்டையின்மீது வெள்ளைப் படிவு ஏறி மோட்டார் திணறும். தினமும் ஓடும் வால்வில் இது குறைவு. மழை மாதங்களில் தோட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு ஜனவரியில் திரும்ப இயக்கும்போதுதான் சிக்கிக்கொள்ளும். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை அரை நிமிடம் திறந்து மூடும்படி நேரம் வைத்துவிடுங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்கு இந்தப் பத்தி தேவைப்படாது.

பிடியைத் திருகும் கை

ஏற்கெனவே பொருத்தியிருக்கும் பால் வால்வின் நீளப் பிடியைப் பற்றித் திருப்பும் மோட்டார் கைகள் வந்திருக்கின்றன. குழாயை வெட்ட வேண்டாம், பிளம்பர் வேண்டாம், வாடகை வீட்டிலும் பொருத்திவிட்டுக் கழற்றிக்கொண்டு போகலாம். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் மூன்று நிபந்தனைகள்: வால்வு கால் சுற்று வகையாக இருக்க வேண்டும் (பல சுற்றுத் திருகும் பழைய சக்கரப் பிடி கேட் வால்வுக்கு ஆகாது), பிடி நீளமாக இருக்க வேண்டும் (வண்ணத்துப்பூச்சி வடிவச் சின்னப் பிடிகளில் பல நிற்காது), வால்வு இளக்கமாகத் திரும்ப வேண்டும். மூன்றாவதுதான் சிரமம். மாடியில் ஐந்து வருடம் அசையாமல் இருந்த பிவிசி பால் வால்வைக் கையால் திருப்பவே முழு பலமும் வேண்டும். இந்தக் கைகளில் பலவும் வீட்டுக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை, மழைக்கும் வெயிலுக்கும் அல்ல. மாடிப்படி அறைக்குள் வால்வு இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

குழாயில் மாட்டும் பாட்டரி டைமர்

வாடகை வீட்டுக்காரர்களுக்கும் பத்துப் பதினைந்து பைகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இது போதும். குழாய் வாயில் திருகி மாட்டி, மறுமுனையில் சொட்டுநீர்க் குழாயைச் செருகினால் வேலை முடிந்தது. இதிலும் உள்ளே என்ன இருக்கிறது என்பதே கேள்வி. சில சாலினாய்டு, சில பால் வால்வு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. திறக்கும்போது டக் என்று ஒரே சத்தம் வந்தால் சாலினாய்டு, சில விநாடி உர்ரென்று இழுத்தால் பால் வால்வு. விவரப் பட்டியலில் குறைந்தபட்ச அழுத்தம் பூஜ்யம் என்று இருந்தால் வாங்கலாம், 0.5 பார் என்று இருந்தால் மேல்நிலைத் தொட்டிக்கு வேண்டாம்.

மரையையும் கவனியுங்கள். நம் வீட்டுக் குழாய்கள் அரை அங்குல பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் குழாய் மரை. ஐரோப்பிய டைமர்கள் முக்கால் அல்லது ஒரு அங்குலத்துக்கு வரும், இடையில் ஒரு பித்தளை ரெடியூசர் போட்டால் சரியாகிவிடும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்டவற்றின் ஹோஸ் மரை வேறு அளவு. பிஎஸ்பியில் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும், எவ்வளவு டெஃப்லான் சுற்றினாலும் ஒழுகும்.

செயலி இல்லாத, பொத்தான் அழுத்தி நேரம் வைக்கும் சாதாரண டைமரை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். தினமும் ஒரே நேரம், ஒரே அளவு என்றால் அது ஸ்மார்ட் வால்வைவிட நம்பகமானது. செயலியின் பயன் தெரிவது இரண்டு சமயங்களில்: ஊரில் இல்லாதபோதும், வடகிழக்குப் பருவமழை நாட்களிலும்.

வைஃபையா, ஜிக்பீயா

இதில் அதிக நேரம் செலவிடுவோர் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். வைஃபை வால்வுக்கு மையக் கருவி வேண்டாம், ஆனால் பாட்டரியை விரைவில் தின்னும். ஜிக்பீ என்பது குறைந்த மின்சாரத்தில் ஓடும் கம்பியில்லா இணைப்பு, அதற்கு மையக் கருவி வேண்டும். மின் இணைப்பு உள்ள இடத்துக்கு வைஃபை, பாட்டரிக்கு ஜிக்பீ என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான். கம்பி கட்டிய கான்கிரீட் கூரையும் நீர் நிரம்பிய தொட்டியும் அதை நன்றாகவே மறைக்கும். கீழ்த்தளத்து மையக் கருவியிலிருந்து மாடியில் உள்ள ஜிக்பீ வால்வுக்கு எட்டாமல் போனால், மாடிப்படி அறையில் ஒரு ஜிக்பீ பிளக்கைச் செருகி வையுங்கள். மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ கருவிகள் இடைநிலை அஞ்சலாகவும் வேலை செய்யும். வீட்டிலிருந்து எட்டத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நெடுந்தூரம் எட்டும் லோரா எனும் கம்பியில்லா வகை உண்டு. அவர்கள் வாங்குவது இந்தியாவில் உரிமம் தேவையில்லாத 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பல நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகள் ஒன்றோடொன்று இணங்கி இயங்குவதற்கான மேட்டர் என்ற பொதுத் தரத்தில் 2024இல் வந்த 1.3 பதிப்பு நீர் வால்வுகளையும் சேர்த்துக்கொண்டது நல்ல செய்தி. ஆனால் தரத்தில் சேர்ந்தது கடைக்கு வர நேரம் எடுக்கும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அலைவரிசையைவிட முக்கியமானது, நேர அட்டவணை எங்கே இருக்கிறது என்பது. சிலவற்றில் வால்வுக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும், அங்கிருந்து 'திற' என்று ஒரு கட்டளை, பத்து நிமிடம் கழித்து 'மூடு' என்று இன்னொரு கட்டளை. இடையில் இணையம் துண்டிக்கப்பட்டால் இரண்டாவது கட்டளை வந்து சேராது. ஆகவே 'பத்து நிமிடம் திற' என்று ஒரே கட்டளையாக வாங்கி, மூடும் பொறுப்பைத் தானே ஏற்கும் வால்வாகப் பாருங்கள். வாங்கியதும் சோதிக்க எளிய வழி உண்டு: திறக்கச் சொல்லிவிட்டு ரவுட்டரை அணைத்துவிடுங்கள். குறித்த நேரத்தில் மூடினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

சாலிடரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகை, அதன் சொல்படி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஒரு ரிலே, மோட்டார் பால் வால்வு என்ற கூட்டணி மலிவானது, அட்டவணையும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இந்தப் பலகையில் ஓடும் ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் பாசனத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதிகபட்சத் திறப்பு நேரத்தைப் பலகைக்குள்ளேயே எழுதிவையுங்கள். டிசி சாலினாய்டை இயக்கினால் காயிலின் குறுக்கே டயோடு போட மறக்காதீர்கள்.

வால்வு ஏமாற்றும் நாளுக்கு

எந்த வால்வும் ஒரு நாள் ஏமாற்றும். அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை இப்போதே தீர்மானிக்கலாம். மாடிப்படி அறைக் கூரைத் தொட்டியில் இருந்து வரும் அரை அங்குலக் குழாயில் இணைப்பு ஒன்று கழன்றுகொண்டால் நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 லிட்டர் ஒரு மணி நேரத்தில் காலி. நீர்மட்டத்தைப் பார்த்து மோட்டாரைத் தானே இயக்கும் கருவியும் வீட்டில் இருந்தால், அது கடமை தவறாமல் தொட்டியை நிரப்பும், கீழ்த்தொட்டியும் காலியாகும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இதன் விலை வால்வின் விலையைத் தாண்டிவிடும்.

விலை உயர்ந்த கசிவு உணரிகளுக்கு முன்னால் இரண்டு பழைய வழிகளைப் பரிசீலியுங்கள். ஒன்று, தோட்டத்துக் குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து எடுக்காமல், பக்கவாட்டில் பாதி உயரத்தில் துளையிட்டு டேங்க் நிப்பிள் வைத்து எடுப்பது. தோட்டம் என்ன செய்தாலும் வீட்டுக்குப் பாதித் தொட்டி மிஞ்சும். நீர்மட்டம் துளைக்குக் கீழே இறங்கினால் செடிக்குத் தண்ணீர் கிடைக்காது என்பதும், தானியங்கி மோட்டார் இருந்தால் அதன் கீழ்மட்ட உணரி இந்தத் துளைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். இன்னொன்று, தோட்டத்துக்கென்று 200 லிட்டர் டிரம் ஒன்றை உயரத்தில் வைத்து, மோட்டார் போடும்போது அதையும் நிரப்பிக்கொள்வது. அதற்கு மேல் ஒரு சொட்டும் போக வழியில்லை.

டிரம் வைக்க முடிவு செய்தால் வால்வே தேவையா என்ற கேள்வியும் வரும். டிரம்மைத் தரையில் வைத்து, அதற்குள் ஏர்கூலரில் போடும் 18 வாட் மூழ்கு மோட்டாரை இறக்கி, டைமர் பிளக்கில் செருகினால் அதுவே பாசனம். ஐந்தாறு அடி உயரத்துக்கு மேல் தள்ளாது, மாடித்தோட்டத்துக்கு அவ்வளவு உயரம் தேவையும் இல்லை. டிரம்மின் நீர்மட்டம் சொட்டுவான்களைவிட உயரமாக இருந்தால் மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் இழுபட்டு ஓடிக்கொண்டே இருக்கும். குழாயை ஓரிடத்தில் டிரம்மின் விளிம்புக்கு மேலே வளைத்து, அந்த உச்சியில் காற்றுத் துளை ஒன்று வைத்தால் நின்றுவிடும். இந்த மோட்டாரின் வயர் 230 வோல்ட் என்பதால் கசிவு மின்னோட்டத்தில் சுற்றைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கும் இணைப்பில் மட்டுமே செருக வேண்டும். செடிகள் இருபதுக்குள் இருந்தால் எல்லா ஸ்மார்ட் வால்வுகளையும்விட இதைத்தான் மலிவான நல்ல தீர்வாகக் கருதுகிறேன்.

சொட்டுவானும் ஃபில்டரும்

வால்வு சரியாக அமைந்தும் செடி வாடினால் சொட்டுவானைப் பாருங்கள். மணிக்கு 4 லிட்டர் என்று அச்சிட்ட சாதாரண சொட்டுவான் அந்த அளவைத் தருவது 1 பார் அழுத்தத்தில். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறையும். 0.1 பாரில் அது ஏறக்குறைய 1.3 லிட்டர்தான் தரும். கோடையில் ஒரு தக்காளிப் பைக்கு ஒன்றரை லிட்டர் வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அழுத்தத்தைச் சமன்செய்யும் உயர்வகை சொட்டுவான்கள் வயல்களுக்குச் சிறந்தவை. ஆனால் அவற்றில் பல 0.5 பாருக்குக் கீழே சரியாக இயங்காது என்பதால் இங்கே அவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண். திருகிச் சரிசெய்யும் சொட்டுவான்களோ மெல்லிய மைக்ரோ குழாயோ போதும். தக்காளிக்கு இரண்டு, மிளகாய்க்கு ஒன்று என்று எண்ணிக்கையால் வித்தியாசப்படுத்தினால் இரண்டாவது வால்வு வாங்கும் செலவும் மிச்சம்.

ஓட்ட அளவி உள்ள வால்வுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். 40 சொட்டுவான்கள், தலா மணிக்கு 1.3 லிட்டர் என்றால் மொத்தம் 52 லிட்டர். நிமிடத்துக்கு ஒரு லிட்டர்கூட இல்லை. வீட்டில் சோதனை செய்வோர் அதிகம் வாங்கும் சிறு சக்கர அளவி நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர் வரை அளப்பது. உங்கள் தோட்டத்தின் ஓட்டம் அதன் கண்ணுக்கே தெரியாது. குழாய் வெடித்ததைக் கண்டுபிடிக்க உதவும், தினசரி நீர்க்கணக்குக்கு உதவாது.

ஃபில்டர் 120 மெஷ் (வலையின் நுணுக்கத்தைக் குறிக்கும் எண்) போதும், வால்வுக்கு முன்னால் வையுங்கள். ஓட்டம் குறைவுதானே என்று அரை அங்குல ஃபில்டர் வாங்காமல் ஒரு அங்குலம் வாங்குங்கள். சிறிய வலை பாதி அடைத்தாலே இருக்கும் கொஞ்ச அழுத்தத்தையும் அது தின்றுவிடும். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் ஸ்பிரிங் வைத்த திரும்பாவால்வும் அப்படித்தான். பஞ்சகவ்யம், மீன் அமிலம், ஜீவாமிர்தம் எதையும் இந்தக் குழாயில் விடாதீர்கள், வடிகட்டியிருந்தாலும். அவற்றைப் பூவாளியில் ஊற்றுவதே நல்லது.

மண் ஈரத்தைப் பார்த்துத் தானே திறக்கும் அமைப்பை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். தென்னை நார்க்கழிவு கலந்த கலவையில் உணரியின் அளவு ஒவ்வொரு பைக்கும் மாறும். நாற்பது பைகளில் ஒன்றில் செருகிய உணரி மற்ற முப்பத்தொன்பதுக்காகப் பேச முடியாது. மழைக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வானிலை முன்கணிப்பைப் பார்த்து நிறுத்தும் வசதி, அடையாறில் மழை பெய்யும்போது அம்பத்தூரில் வெயில் அடிக்கும் ஊரில் அடிக்கடி தவறும். உங்கள் மாடியிலேயே நனைந்து சுற்றைத் துண்டிக்கும் சிறு மழை உணரி ஒன்றை வால்வுக்குப் போகும் வயரில் தொடராகக் கோத்தால் போதும். மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும் இரு வயர் பால் வால்வுக்கு அது அப்படியே பொருந்தும். திறந்த நிலையில் நின்றுவிடும் வகைக்கு இதைக் கோக்கக் கூடாது, பாதித் திறப்பில் மழை வந்தால் வால்வு அங்கேயே நின்றுவிடும்.